இராயப்பரின் வலை

மாமா படகேறிப் போவதற்கு முந்திய கிழமை எனக்குத் தாடி கட்டிவிட்டார். அவரைப் பற்றி எனக்கு முழுசாக நினைவிருக்கும் கடைசிக் காரியம் அதுதான்.

குருநகரில் எங்கள் கோயிலில் சகல புனிதர்கள் திருநாளுக்குச் சிறுபிள்ளைகள் புனிதர்களாக வேடம் போட்டு வருவோம். அந்த வருடம் பங்குச் சுவாமியார் புதுச் சட்டம் போட்டார். கடையில் ஒன்றும் வாங்கக்கூடாது, வாடகை உடுப்புக் கூடாது, வெள்ளை நுரைமட்டை றெஜிபோமும் மினுங்கல் தாளும் கண்ணில் படக்கூடாது. வீட்டில் கிடக்கிறதை வைத்தே வேடம் கட்டவேண்டும். திருநாள் முடிய அத்தனை குப்பையும் கடலுக்குத்தான் போகிறது என்பது அவருடைய கவலை. செலவு மிச்சம் என்று அம்மாமாருக்கு உள்ளூரச் சந்தோஷம். வீட்டுக்கு வீடு வெள்ளைப் படுக்கை விரிப்பு மாதாவின் முக்காடாக மாறியது. எங்கள் விரிப்பும் தோய்த்துக் காய்ந்தது. நானோ இராயப்பராகத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஆண்டவரின் முதற்சீடரான இராயப்பர் மீன் பிடித்தவர், மாமாவும் மீன் பிடிக்கிறவர், வேறு நியாயம் எனக்குத் தேவைப்படவில்லை.

“பொம்பிளைப் பிள்ளைக்குத் தாடியோ?” என்று அம்மா தலையில் கை வைத்தார்.

“விடக்கா, தாடி கட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது,” என்றார் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார்.

கூட்டிக் கூட்டித் தேய்ந்து கழித்துவிட்ட தும்புத்தடியின் தும்பு தாடியானது. மாமா இடுப்பில் உடுத்துப் பழசான சாரம் அங்கியானது. சவர்க்காரப் பெட்டி மட்டையில் மோட்ச வாசல் பூட்டுக்கு இராயப்பர் வைத்திருக்கும் திறப்பை வெட்டினோம். மிச்சம் வலைதான். வேலியோரம் கிடந்த கிழிந்த வலையைத் தோளில் போட்டதும் மீன் வெடுக்கு மணம் தாங்காமல் நான் அழுது ஊரைக் கூட்டினேன். மாமா அதைத் திரும்ப வேலியோரம் போட்டார். பிறகு உள்ளே போய், மழைக்காலம் முடியக் கடலில் இறக்கவென்று தன் கையால் கட்டி வைத்திருந்த புது வலையைத் தூக்கிவந்து, கத்தியை வைத்து ஒரு துண்டை அறுத்தார்.

எங்கள் தெருவில் வலையைச் செருப்புக் காலால் தாண்டினாலே ஏச்சு விழும்.

“மாமா, உது நல்ல வலையெல்லோ?”

“ஓம் பிள்ளை, நல்ல வலைதான். மணக்காது.”

கோயில் வளவு நிறைய மாதாக்கள், நடுவில் தாடியோடு நான். தும்பு வாய்க்குள் போகப் போகத் துப்பிக்கொண்டு நடந்தேன். வீட்டுப் பொருளில் செய்த வேடம் என்றால் இப்படியிருக்க வேண்டும் என்று சுவாமியார் எல்லாருக்கும் என்னைக் காட்டினார். கிழிந்த வலையைத்தான் கழுவிப் போட்டிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டார். பின்னால் நின்ற கடல் தொழிலுக்குப் போகிற ஆட்கள் சிலர் என் தோளைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ கதைத்தார்கள். தாடியைப் பற்றித்தான் என்று நான் நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒருநாள் விடிய மாமாவின் பாய் சுருட்டியபடி இருந்தது. நீர்கொழும்புப் பக்கமிருந்து அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்ட படகில் ஏறிவிட்டார் என்று பிறகு அறிந்தோம். அந்தப் படகு எங்கேயும் போய்ச் சேர்ந்ததாக இன்றுவரை சேதியில்லை.

அம்மா வீட்டிலுள்ள எல்லாரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டார்.

“உன்னட்டையாவது ஏதும் சொன்னவனோ?”

“இல்லையம்மா, மாமா ஒண்டும் சொல்லேல்லை.”

நான் பொய் சொல்லவில்லை. திரும்பவும் தொழிலுக்குப் போக நினைக்கிற ஒருவன் நல்ல வலையில் கத்தி வைக்கமாட்டான் என்பது அப்போது எனக்கு விளங்கவேயில்லை. அம்மாவுக்கு ஒரு பார்வையில் விளங்கியிருக்கும். மாமா வலையை அறுத்த நேரம் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டுதான் நின்றார், கூப்பிட்டால் கேட்கிற தூரம். மாமாவுக்கு என்னில் எவ்வளவு ஆசை என்ற சந்தோஷத்தில் நான் வாய் திறக்காமல் நின்றேன்.