மருத்துவச்சி ஊற்றிய தண்ணீர்

தலையில் ஊற்றிய தண்ணீர் நெற்றியில் இறங்கிக் காதுக்குப் பின்னால் வழிந்ததும் என் தம்பி முகம் சுளித்தான். இந்த உலகத்தைப் பற்றி அவன் சொல்லிவிட்டுப் போன அபிப்பிராயம் அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஏழு வயது. ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சயாமில் ரயில் பாதை போட அப்பாவை ஜப்பான்காரன் கொண்டுபோயிருந்தான். மரவள்ளிக் கிழங்கே சாப்பாடாக இருந்த அந்த நாளில் அம்மா பிரசவித்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. சிரம்பானிலிருந்து பங்குச் சாமியார் வந்துசேர நேரமில்லை. அம்மாவுக்கோ எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சியையே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னாள்.

"நான் மாரியாத்தாவக் கும்புடுறவ தாயி. என் கையால ஊத்துனா ஒங்க சாமி ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்க்கா. நான் சொல்றத அப்படியே சொல்லிக்கிட்டு ஊத்துங்க."

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று மருத்துவச்சி ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தம்பி போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த அத்தை, "அஞ்ஞானி ஊத்துனது வெறுந்தண்ணி" என்றார். எங்கள் லயத்து வீடுகளில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவர் அவர்தான்; எதிர்த்துப் பேச ஆளில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை மோட்சம் சேராது என்று அன்று எல்லோரும் நம்பினோம். குழிமேட்டில் சிலுவை நடவும் அத்தை விடவில்லை. அதன்பிறகு ஜெபத்தில் அம்மா வாய் திறக்கவில்லை. மருத்துவச்சி எங்கள் வாசலைத் தலைகுனிந்தே கடந்தார். அத்தைமேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

சில மாதம் கழித்துச் சாமியார் சைக்கிளில் வந்தார். அம்மா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவர் மருத்துவச்சியை வரவழைத்து, தண்ணீர் தலையில் வழிந்ததா, என்ன சொன்னீர்கள், என்ன நினைத்துச் செய்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார்.

"இந்தத் தாயி அதுங்க சாமிகிட்ட என்ன கேட்டுச்சோ, அது புள்ளைக்குக் கெடைக்கணும்னு நெனச்சேன் சாமி."

"போதும்மா. ஆபத்து நேரத்துல யார் ஊத்துனாலும் அது ஞானஸ்நானந்தான். கொடுக்கிறது ஆண்டவரு. கை யாரோடதா இருந்தா என்ன?"

பிற்காலத்தில் நான் வேதபாடம் படித்தேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். ஞானஸ்நானம் என்பது அதைக் கொடுப்பவரின் தகுதியைப் பொறுத்ததல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு யார் வந்து வாதாடினாலும் நான் அசையமாட்டேன்.

சாமியார் வந்த அன்று மாலையே ரப்பர் கட்டையில் சிலுவை கட்டிக்கொண்டு குழிமேட்டுக்குப் போனோம். நடுவதற்கு அத்தை கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. பின்னால் தயங்கி நின்ற மருத்துவச்சியிடம் அதை நீட்டினாள்.

"நீங்க நடுங்கக்கா. இவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவங்க நீங்கதானே."