மகள் தூவிய சாமை

கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சையை விளக்கிச் சொல்வது என் வேலை. கல்வராயன் மலையிலிருந்து பன்னிரண்டு வயது மகளோடு கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார் அவர். மெலிந்த ஆள், சட்டைப் பையில் ஒரு சீப்பு. மகளின் இடது கண் மூக்கோரமாகத் திரும்பியிருந்தது. அந்தக் கண்ணில் பார்வையும் மங்கல். மற்றக் கண்ணால் மட்டும் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதற்காக, அவரும் அடிக்கடி தன் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"ரெண்டு வழி இருக்குங்க. ரெண்டு கண்ணுலயும் உள்பக்கத் தசைய தளர்த்தலாம். இல்லன்னா, இந்த ஒரு கண்ணுல மட்டும் உள்தசைய தளர்த்தி வெளித்தசைய இறுக்கலாம்" என்றேன்.

"எதுல பார்வ வரும்ங்க?"

"ரெண்டுலயும் வராதுங்க, கண்ணு நேராகும். சின்னதுலயே வந்திருந்தா, நல்ல கண்ண மூடி வெச்சு இதப் பழக்கியிருக்கலாம். ஏன் வரல?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

"மாறுகண்ணு அதிர்ஷ்டம்னாங்க. வருஷா வருஷம் மொத சாம வெதைய இவ கையாலதான் தூவிக்கினு இருந்தோம். நேராக்கினா வூட்டு அதிர்ஷ்டம் பூடும்னு, நாந்தான்..." என்று நிறுத்தினார். பிறகு, "ஒரு கண்ணுலயே பண்ணுங்க. நல்ல கண்ணத் தொடாதீங்க" என்றார்.

அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மகள் கேட்டாள்: "கண்ணு நேராயிட்டா, இனிமே வெதைய யாருப்பா தூவறது?"

அவர் பேனாவை மேசையில் வைத்தார். உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். இந்த முறை வலது கண்ணையும் மூடிக்கொண்டார்.