மேஸ்திரிக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஆந்திராவில் வடமாலபேட்டைக்குத் தெற்கே இருக்கிற கண்டிகை என்ற சின்ன ஊரில் துலுக்காணம் மேஸ்திரி கட்டிய வீடுகளைவிட, கட்டிய சமாதிகள்தான் அதிகம். வீட்டு வேலை என்றால் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். படி இடம் மாறும், ஜன்னல் திசை மாறும், கடைசியில் மேஸ்திரியே மாறுவார். சமாதியில் அந்தத் தொல்லை கிடையாது. உள்ளே இருப்பவர் வாய் திறக்க மாட்டார். கட்டச் சொன்ன மகனோ சென்னையிலோ குவைத்திலோ இருப்பான்.

மேஸ்திரியின் மனைவி இந்திராணிக்கு இதில் ஒரே ஒரு குறை.

"செத்தவங்களுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டிக் குடுக்கறே. உயிரோட குந்திக்கினு இருக்கற எனக்கு இன்னும் சாணி மெழுகற தரதான்."

"நீயும் போய்ப் படு. உனக்கும் ஒட்டித் தரேன்."

"அப்பக்கூட நீ மிச்சம் மீதி டைல்ஸதான் ஒட்டுவே."

துலுக்காணத்தின் அப்பன் காலம் வரை அந்தக் குடும்பத்துக்குக் கையகல நிலம் இல்லை. திருப்பதியில் லாட்ஜுகள் வரிசையாக எழுந்தபோது இவர் செங்கல் சுமக்கப் போனார். சுமந்த இடத்திலேயே சாந்து பூசும் கரணையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு மேஸ்திரியாகத் திரும்பினார். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே கிளம்பினார்கள். ஒருவன் அம்பத்தூர் கம்பெனிக்கு, ஒருவன் குவைத்தில் வண்டி ஓட்ட. மேஸ்திரியின் ஒரே மகன் கோபிகிருஷ்ணனும் குவைத்துக்குத்தான் போனான். பெற்றவர்கள் செத்தால் இவர்களில் பாதிப் பேருக்கு வந்து சேர முடிவதில்லை. அப்பன் முகத்தைப் பார்க்காதவன்தான் இருப்பதிலேயே பெரிய சமாதியாகக் கட்டச் சொல்வான் என்பதை இந்திராணி கவனித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் சனத்தில் எரிக்கும் வழக்கம் இல்லை, புதைப்பதுதான். ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் முக்கால் ஏக்கர் இடுகாடு. பத்து வருசத்தில் அது சின்ன டவுன் மாதிரி ஆகிவிட்டது. பச்சை டைல்ஸ், ரோஸ் டைல்ஸ், விளக்கு வைக்க மாடம், ஒன்றுக்கு மழை படாமல் இருக்கத் தளம்கூட. ஊரில் பல வீட்டுக்கு அந்தத் தளம் கிடையாது.

ஒரு சித்திரை மாதம் ஆடு மேய்க்கிற பொன்னியம்மா இறந்தாள். அவளுக்குப் பத்மினி என்று ஒரு மகள், அவ்வளவுதான். குழி எடுக்க நாகையா கடப்பாரையோடு இறங்கினான். முழங்கால் ஆழம் போனதும் 'டங்' என்றது. பக்கத்துச் சமாதியின் அஸ்திவாரம். நாலடி தள்ளி இன்னொரு குழி எடுத்தான். அங்கேயும் 'டங்'.

"மேஸ்திரி, உன் அஸ்திவாரம் எதுவரிக்கும் போவுது? காளஹஸ்தி வரிக்குமா?" என்றான் நாகையா. "இதும்மேல கோபுரமே கட்டலாம்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். துலுக்காணமும் கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். அப்போது பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்மினி தலையைத் தூக்கி, "எங்கம்மாவுக்கு மட்டும் எடம் கெடைக்காதா பெரிப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேஸ்திரியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாததை இந்திராணி பார்த்தாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, நாகையா கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். யாரும் சீண்டாத ஓடைக் கரையோரம் மூன்றாவது குழியைத் தானே எடுத்தார்.

பாழாய்ப் போன இரண்டு குழிகளையும் அப்படியே மூட முடியாது. எடுத்த குழி சும்மா இருந்தால் ஆள் கேட்கும் என்பது ஊர் வழக்கு. ஒரு முழுப் பூசணிக்காயை உள்ளே வைத்து, "இந்தா, இதான் உன் பங்கு" என்று சொல்லி மண் தள்ள வேண்டும். கிட்டத்தில் பூசணிக்காய் இருந்தது இந்திராணி வீட்டுக் கூரையில்தான். நன்றாக முற்றிய காய் இரண்டு.

"ஊட்டுக்காரன் வேலை கெட்டியா இருந்தா பொண்டாட்டி பூசணிக்கா போவுது" என்று முனகிக்கொண்டே பறித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சமாதி வேலை வந்தால் மேஸ்திரி, "முதுகு வலி" என்றார். நெல் மூட்டையைத் தூக்கும்போது அந்த முதுகு வலிக்காததை இந்திராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆடியில் மழை பிடித்தது. புதைத்த காய்கள் உள்ளே அழுகி, விதை வெடித்து, கொடி மேலே வந்தது. குவைத் காசில் எழும்பிய ரோஸ் டைல்ஸ் சமாதி மேல் ஏறி, மாடத்துக்குள் தலையை விட்டு, தளத்திலிருந்து காயாகத் தொங்கியது. துலுக்காணம் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பொன்னியம்மா தலைமாட்டில் ஒரு புங்கங்கன்று நட்டு, ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினார்.

"பொன்னியம்மா சவுக்கியமா?" என்பாள் இந்திராணி. "கட்டிக்கினு வந்த நாளா எனக்கு ஒரு கொடம் தண்ணி மொண்டாந்தது இல்ல."

"நீ என்னா செடியா?"

ஒரு நாள் அந்தக் கொடியிலிருந்தே ஒரு காயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இந்திராணி அரிவாள்மணையை எடுத்து ஒளித்து வைத்தாள். மேஸ்திரி சளைக்கவில்லை. கரணையாலேயே காயைப் பிளந்து, தானே குழம்பு வைத்து, தட்டு நிறையப் போட்டுத் தின்றார். அவள் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

"இன்னா பாக்கறே?"

"வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்கலாமா, வேணாமான்னுதான்."

"உப்புதான் கம்மி. மத்தபடி நல்லாத்தான் கீது" என்று கையை நக்கினார். பிறகு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் செத்தா சிமெண்ட் வாணாம்மே. பெட்டி வாணாம், பிளாஸ்டிக் மாலை வாணாம். ஒரு நூல் வேட்டி போதும். ஓடையாண்ட பொன்னியம்மா வரிசையில வச்சு, மேல ஒரு கன்னு நட்டுடுங்க. மண்ணுல வச்சா கொஞ்ச வருசத்துல அந்த எடம் இன்னொருத்தருக்கு ஆவும். நான் கட்டுனது ஒண்ணாவது ஆவுமா?"

இதையே பஞ்சாயத்துத் தலைவர் சர்பஞ்ச் கங்கையாவிடமும் போய்ச் சொன்னார். இனிமேல் எல்லாருக்கும் அப்படியே செய்யலாமே என்றார். கங்கையா கேட்டுவிட்டு, "முந்து நுவ்வு படுக்கோ மேஸ்திரி, தர்வாத சூத்தாம்" என்றார். முதலில் நீ போய்ப் படு, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். ஊரே சிரித்தது. "சிமெண்ட்டுலயே துன்னு வளந்த ஆளு, இப்ப சிமெண்ட் ஆவாதாமே!" ஆனால் கங்கையா சொன்னதில் விஷயம் இருந்தது. மேஸ்திரி எப்படிப் போகிறாரோ அதைப் பார்த்துத்தான் ஊர் முடிவெடுக்கும். அவர் மேலேயே ஒரு சமாதி எழும்பிவிட்டால் இந்தப் பேச்சு அதோடு சரி.

கோபிகிருஷ்ணனுக்குச் செய்தி போனது. பதிலுக்கு ஒரு வேன் வந்தது. சித்தூரில் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் பலகை, ஆள் நீளம். அதில் தமிழிலும் தெலுங்கிலும் துலுக்காணம் என்று பொன் எழுத்து. பிறப்பு 1-7-1946. இறப்பு என்று செதுக்கி, பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

ஊரே வந்து பார்த்தது. "மேஸ்திரி, உன் பொறந்த நாளே எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றான் நாகையா.

"எனக்கும்தான்" என்றார் துலுக்காணம். ரேஷன் கார்டுக்காக எவனோ எழுதிய தேதி அது.

ஞாயிற்றுக்கிழமை மகன் செல்லில் பேசினான். அப்பன் கத்தினார், மகனும் கத்தினான். கடைசியில் அவன் குரல் இறங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் நீ கட்டுன நைனா. உனக்கு நான் ஒண்ணும் கட்டலன்னா எப்டி? நாளைக்கு லீவுல வந்தா, நான் எங்க போயி நிப்பேன்?"

 மேஸ்திரி செல்லை மனைவி கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

இந்திராணி இரண்டு நாள் அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூன்றாம் நாள் நாலு பேரைக் கூப்பிட்டு, போர் பைப்புக்கு அடியில் எழுத்து மேலே தெரியும்படி போடச் சொன்னாள். துணி துவைக்க அதைவிட நல்ல கல் ஊரில் இல்லை. மேஸ்திரியின் சட்டையையே முதலில் எடுத்து அவர் பேர் மேல் ஓங்கி அடித்தாள்.

"இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் மனசு குளிர அடிக்கிறேன்" என்றாள். பல் விளக்கிக்கொண்டிருந்த துலுக்காணத்துக்குப் புரை ஏறியது.

அடுத்த இரண்டு வருசம் ஊரில் சாவே இல்லை. "எனக்கு வழி உட்டுக்கினு நிக்கிறானுங்க" என்பார் மேஸ்திரி. ஒரு ஐப்பசி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

மகன் வர ஐந்து நாள் ஆகும். அதுவரை வைத்திருக்க முடியாது. பங்காளிகள் தூக்கினார்கள். ஓடையோரம் நாகையா கடப்பாரையைப் போட்டான். அது சோற்றில் கை இறங்குவது மாதிரி இறங்கியது. அவன் ஒருமுறை நிறுத்தி, "மேஸ்திரி, டங்குன்னு கேக்கவே இல்லய்யா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். நூல் வேட்டியோடு அவரை இறக்கினார்கள். எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டபோது இந்திராணி முந்தானை முடிச்சை அவிழ்த்து அவளும் போட்டாள். அதில் மண்ணோடு பூசணி விதையும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. புங்கங்கன்றும் நட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் கோபிகிருஷ்ணன் டிராக்டரில் கல்லை ஏற்றினான். பொன் எழுத்து சோப்பில் வெளுத்திருந்தது. நாகையாவிடம் கலவை போடச் சொன்னான். விஷயம் தெரிந்து கங்கையாவும் இன்னும் பத்துப் பேரும் இடுகாட்டுக்கு வந்துவிட்டார்கள். வேலை பார்க்க வந்தவர்கள் இல்லை, முடிவு பார்க்க வந்தவர்கள்.

 இந்திராணி டிராக்டர் பின்னாலேயே நடந்து வந்தாள். புங்கங்கன்று முழ உயரம் நின்றது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பூசணி நாற்று, தடித்த இலையை விரித்துக்கொண்டு.

"கல்ல வைக்கிறதுன்னா வைடா" என்றாள். "ஆனா அதுங்கள வேற யாரும் தொடக் கூடாது. நீயே புடுங்கு."

அவன் குனிந்து ஒரு நாற்றின் அடியைப் பிடித்தான். பிடித்தபடியே, "இத்த யாரும்மா வச்சது?" என்றான்.

"அந்தாளுக்கு வழியில துன்ன நான் குடுத்தனுப்புனது."

அவன் பிடித்த கை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கங்கையா செருமினார். நாகையா மெதுவாக, "கலவ காயுது தம்பி" என்றான்.

கோபிகிருஷ்ணன் நாற்றை விட்டுவிட்டு அங்கேயே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நிற்க இடம் தேடி வந்தவன் உட்கார்ந்துவிட்டதை இந்திராணி பார்த்தாள். பிறகு நாற்றின் அடியில் மண்ணை அணைத்துவிட்டு, "அந்தக் கலவைய ஊட்டுக்கு எடுத்தும்போய், பைப்பாண்ட ஒரு மேட கட்டிடுண்ணா" என்றான் நாகையாவிடம். "கல்ல அதுமேல போடு. அம்மா குனியாம தோய்க்கட்டும்."

கங்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மார்கழியில் அவர் அம்மா இறந்தபோது, ஓடை வரிசையில் மேஸ்திரிக்கு அடுத்த இடத்தைத்தான் காட்டினார்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து போன்.

"இன்னாமா கொழம்பு?"

"பூசணிக்கா."

"கடையில வாங்குனியா?"

"இல்லடா. உங்க நைனா அனுப்பிச்சாரு."

 "நல்லாக்குதா?" என்றான் மகன்.

இந்திராணி கரண்டியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, நக்கிப் பார்த்தாள்.

"உப்புதான் கம்மி" என்றாள். "அந்தாளு கைப்பக்குவம் எப்பவும் அப்டித்தான்."