காய்ந்த மிளகாயின் சத்தம்

முருகலட்சுமிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. கடலாடிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இராமநாதபுரத்தில் பிரபுவின் கம்ப்யூட்டர் கடைக்கு அவள் வருவது இது நாலாவது தடவை. தன் வயலில் விளைந்த குண்டு மிளகாயை விற்க ஒரு வெப்சைட் வேண்டும், அவ்வளவுதான். பிரபுவுக்கோ அதில் ஏதாவது ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

போன தடவை போன் நம்பர் சுழன்றது. அதைப் படிப்பதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. இன்று திரையில் மிளகாய்கள் மேலிருந்து கொட்டின. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் முத்து முத்தாகத் தெறித்தது.

"எப்புடிக்கா? பளிச்சுன்னு இருக்குல்ல?"

அவள் கை தன்னையறியாமல் தார்ப்பாயைத் தேடியது. இந்த வருடம் மிளகாய் காயப்போட்ட களத்தில் மூன்று முறை மழை இறங்கிவிட்டது. ஓடி ஓடி மூடியதில் முழங்கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

"காஞ்ச சரக்குல தண்ணியத் தெளிச்சு வச்சிருக்கியேப்பா! பூசணம் புடிச்சதுன்னுல போயிருவான், பாக்குறவன்."

"அப்ப அனிமேஷனே வேணாமாக்கா?"

"ஒரு எழவும் வேணாம்" என்று மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தவள், என்ன நினைத்தாளோ, பையிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து அவன் காதருகே ஆட்டினாள். உள்ளே விதைகள் கலகலத்தன.

"யாவாரி இப்புடித்தான் சரக்கோட காய்ச்சலப் பாப்பான். ஈரமிருந்தா சத்தம் வராது."

பிரபு எல்லாவற்றையும் அழித்தான். அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, தொட்டால் மட்டும் கலகலவென்று குலுங்கும் ஒற்றை மிளகாயைத் திரையில் வைத்தான்.

அவள் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை தொட்டாள்.

"இருக்கட்டும்ப்பா. மழ வந்தா, இத ஒண்ணையாவது நான் ஓடிப்போயி மூட வேண்டியதில்ல."