கதிரை இல்லாத படகு

வெங்காயம் காய வைக்கும் கொட்டிலுக்குள் அது கவிழ்ந்து கிடந்தது. முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு படகு போலவே எனக்குத் தெரியவில்லை. பிளைவுட் பலகைகளை வளைத்துக் கயிற்றால் இறுக்கி, அதன் முதுகில் ஏறி நின்று மச்சான் பிசின் பூசிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சிந்திய பிசின் காய்ந்து, அது தகரம் போல் விறைத்து நின்றது. “தம்பி, மேல ஏறிராத. இன்னும் காயல்ல” என்றார். ஏறும் எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை.

மச்சான் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். கற்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். இரண்டு பக்கமும் தண்ணீர் உள்ள ஊரில் பிறந்தும் ஒரு சின்னத் தோணிகூட அவர் வைத்திருந்ததில்லை. நான் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைத் திருத்துகிறவன். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். மனிதர்களோடு கதைப்பதைவிட மோட்டாரோடு மல்லுக்கட்டுவது எனக்கு லேசு. எங்கள் குடும்பத்தில் படித்தவர் ராத்தா மட்டும்தான். அவர் உச்சமுனையில் உள்ள பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்.

அதற்கு ஒவ்வொரு நாளும் களப்பை, ஊருக்கு உள்பக்கமாகக் கிடக்கும் உப்புநீர்ப் பரப்பை, கடக்க வேண்டும். ராத்தாவும் இன்னும் சில டீச்சர்மாரும் மீன்பிடிப் படகொன்றில், எண்ணெய்க் கேன்களுக்கும் வலைக்கும் நடுவில் குந்திக்கொண்டு போவார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டால் அலை படகுக்கு மேலால் அடிக்கும். அபாயா உடம்போடு ஒட்ட, அது காயும்வரை வகுப்பில் நின்றுகொண்டே படிப்பிப்பார். ஒரு வருடம் அந்த ஈரம் நெஞ்சில் இறங்கி, இருமல் மாதக்கணக்கில் விடவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “அடுத்த கச்சானுக்கு முந்தி வேற பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேக்கப் போறன்.”

அவருக்கு அதில் விருப்பமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் விட்டுவிட்டு வந்தால் அந்த வகுப்பை எடுக்க அங்கே வேறு ஆள் இல்லை. அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த பிள்ளைகளைப் பற்றியே வீட்டில் எந்நேரமும் கதைப்பார்.

மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து, “அறை வச்ச படகொண்டு கட்டினாப் போச்சு” என்றார்.

“இந்த வீட்டுக் குளியலறைக் கதவே இன்னும் ஒழுங்கா மூடுதில்ல. இவர் படகு கட்டப் போறாராம்” என்று ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு வளவில் படகு கட்டும் காணொளியைக் காட்டினார். அந்த மனிதர் பேசியது எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “கதை என்னத்துக்கு? கையப் பாருங்க, அது போதும்” என்றார் மச்சான்.

அப்படித்தான் அவர் கட்டினார். காலையில் தோட்டம், பின்னேரம் படகு. மரத்தை வளைக்கப் போய் உடைத்தார், வேறு மரம் வாங்கி வளைத்தார். பழைய பஸ் ஒன்றின் சறுக்குக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து அறைக்கு ஜன்னல் போட்டார். உள்ளே கதிரைகளை வரிசையாக வைத்து ஆணி முடுக்கினார். ஒரு கதிரையில் ராத்தாவை இருத்தி, தலைக்கு மேல் ஒரு சாண் விட்டுக் கூரைக்கு அளவெடுத்தார். “டீச்சர்மார் கதிரையிலதான் போகணும். மீன் பெட்டி மாதிரி நெலத்துல கிடந்து போனது போதும்” என்பது அவருடைய பிடிவாதம். பக்கத்து வீட்டில் சொந்தமாகப் படகுகள் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் இருந்தார். அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன காக்கா, அலுமாரியையா கடல்ல எறக்கப் போறீங்க?” என்று கேட்பார். “ஓம், உங்கட உடுப்பையும் கொண்டு வாங்க, மடிச்சு வைக்கலாம்” என்பார் மச்சான்.

இறக்கிய நாளில் படகு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. ஆட்களை ஏற்றுவதற்கு முன் பாரம் பார்க்க வேண்டுமென்று, டீச்சர்மாரின் நிறைக்கு வெங்காய மூட்டைகளை அடுக்கிக் களப்பில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். காற்று இருந்தும் படகு ஆடவில்லை. சம்மாட்டிகூட வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் காலை வைக்கமாட்டேன் என்றார் ராத்தா. அங்கிகள் வந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் டீச்சர்மார் ஏறினார்கள். சம்மாட்டி தன் படகில் துணைக்கு வந்தார். வெளியே பின்பக்கத்தில் இருந்து எஞ்சினைப் பிடித்தவன் நான். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் காற்று அறையின் பக்கவாட்டில் அறைந்தது. படகு சாய்ந்தது. நிமிர்வதற்குள் இன்னொரு தரம், முன்னையதைவிடக் கூடுதலாகச் சாய்ந்தது. உள்ளே ஒரு டீச்சர், உயிர் போகும் நேரம் வந்துவிட்டதுபோல், கலிமாச் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் கீழே இறங்கி இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அத்தனை பெண்களைப் பார்த்துச் சத்தம் போட வாய் வரவில்லை. அதற்குள் ராத்தா கதிரையிலிருந்து சறுக்கித் தரையில் குந்தி, பக்கத்தில் இருந்தவரின் கையையும் பிடித்து இழுத்தார். “எல்லாரும் கீழ இருங்க! கீழ!” வகுப்பில் பேசும் அதே குரல். எல்லோரும் இறங்கி இருந்ததும் படகு தலையாட்டுவதை நிறுத்தியது. மெதுவாகத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தேன்.

கரையில் நின்ற மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. “மூட்டை ஏத்தக்கொள்ள ஒண்டும் ஆகல்லயே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மூட்டையக் கதிரையிலயா வச்சீங்க?” என்று கேட்டார் ராத்தா. “நெலத்துலதானே வச்சீங்க. எங்களையும் அங்கேயே வைங்க. கூரைய எறக்குங்க.”

“படிச்ச பொம்புளைகள நெலத்துல இருத்தச் சொல்றீங்களா?”

“நெலத்துல இருந்துதான் சோறு தின்றன். நெலத்துலதான் தொழுவுறன். எனக்கு அது கொறச்சலா? நனையாமப் போனாச் சரி.”

பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்த மச்சான், வாளை எடுத்து, “தம்பி, அந்தப் பக்கத்தப் புடி” என்றார். தெரியாத வேலையைத் துணிந்து தொடங்கியவர் என்றுதான் ஊரில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அவரை நினைத்தால் அந்தப் பின்னேரம்தான் வரும். பார்த்துப் பார்த்து மினுக்கிய பலகையில் அவரே முதல் வெட்டை இறக்கினார். சம்மாட்டி வேலியடியில் நின்றார். பகிடி பண்ணுவார் என்று பார்த்தேன். அவர் உள்ளே வந்து மறுமுனையைத் தாங்கிப் பிடித்தார். கதிரைகளைக் கழற்றினோம். கூரை இடுப்புயரத்துக்கு இறங்கியது. ராத்தா புதுப்பாய் கொண்டுவந்து விரித்தார்.

கச்சான் வந்தது. முதல் பெருங்காற்று அடித்த காலையில் மச்சானும் எங்களோடு வந்தார். அலை கண்ணாடியில் மோதி வழிந்தது. உள்ளே டீச்சர்மார் பாயில் சாய்ந்து, யாருடையதோ கலியாணத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். உச்சமுனைக் கரையில் பள்ளிக்கூட அதிபர் குடையோடு நின்றார். ராத்தா குனிந்து வெளியே வந்து, உலர்ந்த அபாயாவைத் தட்டிக்கொண்டு மணலில் இறங்கினார்.

“மாற்றத்துக்குப் போடப் போறதாச் சொன்னீங்களே டீச்சர்?” என்று கேட்டார் அதிபர்.

“என்னத்துக்கு சேர்? வீட்டால வெளிக்கிட்டு, இன்னொரு வீட்டுக்குள்ள இருந்துதானே வாறன்.”

மச்சான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்றுமே கேட்காதவர் போல், இறுகியிருந்த கயிற்றை இன்னொரு தரம் இறுக்கினார்.

இப்போதும் அந்தப் படகை நான்தான் ஓட்டுகிறேன். அன்று எழுத்துக்கூட்டிய பிள்ளைகளில் சிலர் வளர்ந்து, கரையில் எங்களுக்குக் கயிறு பிடிக்கிறார்கள். புதிதாக வரும் டீச்சர்மார் உள்ளே தலையை நீட்டி, எங்கே இருப்பது என்று தேடுவார்கள். நான் இன்னும் ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கப் பழகவில்லை. எஞ்சினைப் பார்த்தபடியே, “கீழ இருங்க டீச்சர்” என்கிறேன். ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொல்கிறேன்.