ஆமென் வரை காத்திருந்தேன்

என் கணவர் ஓய்வு பெற்ற வாத்தியார். தாம்பரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மாவே பாடம் சொல்வார், வடிகாலுக்கு மனு எழுதுவார், சபையில் வேதம் வாசிப்பார். நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டேன்.

போன வருடம் ஆராதனையில், நீண்ட ஜெபத்தின் நடுவே தற்செயலாகக் கண்ணைத் திறந்தேன். ஆண்கள் உட்காரும் பக்கத்தில் இவர் சரிந்து கிடந்தார். எல்லாரும் கண்மூடியிருக்கும்போது எப்படிக் கத்துவது என்று கூச்சப்பட்டு, ஆமென் வரை காத்திருந்தேன்.

பக்கவாதம். “ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதாக்கா?” என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

இவருக்குப் பேச்சு திரும்பவில்லை. பாடம் படிக்கப் பிள்ளைகளும் வருவதில்லை. இப்போது ஆண்கள் பக்கத்திலேயே, இவர் சக்கர நாற்காலியை ஒட்டி உட்காருகிறேன். ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை.