சாயத் தெருவில் தண்ணீர் கேட்டவர்

என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அந்த அம்மா எங்கள் தெருவுக்கு வந்தார். ஆரணியில் சாயப்பட்டறைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டு, ஏதோ கல்லூரி ஆய்வுக்காக எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த பின்னல், வெயிலில் கறுத்த முகம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். குடித்த பிறகுதான் கேள்வி.

எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது.

"போர் தண்ணி எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"நீங்க குடுத்தது கேன் தண்ணியாச்சே?" என்று சிரித்தார். வந்தவருக்கு நல்ல தண்ணீர் கொடுக்கப்போய் நானே மாட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "நூலுக்குச் சாயம் போட்டுகினுதான் சோறு துன்றோம். எங்ககிட்டயே வந்து கேக்கறியேம்மா!"

"உங்ககிட்டதாங்க கேக்கணும். மத்தவங்களுக்கு என்னா தெரியும்?"

மாமியார் பட்டறைப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னேன். "போர் தண்ணி ஊத்தினா பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சிப் போவுதுங்க. கேன் தண்ணிலதான் குளிப்பாட்டறேன்."

"எழுதிக்கட்டுங்களா?"

பட்டறையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். "வேணாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "அப்ப எழுதலம்மா." பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். அந்தக் காலையை நினைத்தால் இன்னும் இதமாக இருக்கிறது. அதற்குமுன் யாரும் என்னை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. சொன்ன சொல்லை அவர் நிச்சயம் காப்பாற்றியிருப்பார். காப்பாற்றாமல் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இப்போது தோன்றுகிறது.